ஜனாதிபதியின் கை எட்டாத இடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளியே ஊரையே காணவில்லை. அவ்வளவு பனி. எதிர்வீட்டு மாடியும் விளக்குக் கம்பமும் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். “கோர்ட்டு இன்னைக்கு லீவா?” என்று இவர் கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது. பல் டாக்டருக்கு வாய்த்த மனைவி கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவள்.

கர்னல் வழக்கில் சாட்சி விசாரணை முடிந்தது. ஜனாதிபதியின் பாதுகாப்புப் படைக்குத் தலைவராக இருந்தவர். நாலு வருடத்துக்கு முன், ஊர்வலத்தில் குண்டடி பட்டவர்களுக்கு ஒரு நர்ஸ் கட்டுப்போட்டாள். சுட்டது யார் என்று காயம்பட்டவர்கள் சொன்னதை அவள் வெளியே சொன்னாள். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர் கர்னல். ஜீப் டிரைவரைக் கல்குவாரி ரோட்டில் இறக்கிவிட்டுவிட்டுத் தானே ஓட்டிப்போயிருக்கிறார். அந்தப் பக்கம் எத்தனையோ இடத்தில் தோண்டிப் பார்த்தாகிவிட்டது. அவள் கிடைக்கவில்லை.

அரசு வக்கீலாக நான் போட்டிருப்பது கடத்தல் வழக்கு மட்டும். கொலையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கடத்தல் மத்திய சட்டத்தில் வருகிறது, ஜனாதிபதி நினைத்தால் ஒரு கையெழுத்தில் மன்னித்துவிடலாம். கொலை மாகாணச் சட்டம். அங்கே அவர் கை எட்டாது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பறிகொடுக்க நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

மார்ச் 9, ஞாயிறு

இவருடைய கிளினிக்கில் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பச்சை வெளிச்சம், மெல்லிய குமிழிச் சத்தம். எப்போது கண் சொக்கியதோ தெரியாது. பக்கத்து நாற்காலியில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள், போட்டோவில் இருக்கிற அதே உடையில். “உங்க டோக்கன் நம்பர் என்ன?” என்று என்னைக் கேட்டாள். பையெல்லாம் தேடினேன். என்னிடம் டோக்கனே இல்லை.

அவளிடம் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு டோக்கனைத் தேடிக்கொண்டிருந்தேன். கனவில்கூட எனக்கு இதுதான் புத்தி.

மார்ச் 13, வியாழன்

குற்றவாளி என்று தீர்ப்பு. பன்னிரண்டு வருடம். நர்ஸின் அண்ணன் பின்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ் ஓட்டுகிறவர், ட்ரிப்புக்கு நடுவில் வந்திருந்தார். யாரும் கைதட்டவில்லை. அவர் எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப தங்கச்சி எங்க இருக்கான்னு சொல்லிருவாரா மேடம்?” என்றார்.

நான் அப்பீல், கால அவகாசம் என்று என்னென்னவோ சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி

ஜனாதிபதி மன்னித்துவிட்டார்.

மார்ச் 22, சனி

ஆபீஸில் ஒவ்வொரு முகமும் தொங்கிப்போயிருந்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் குதூகலம், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பீரோவிலிருந்து கொலைக் குற்றப்பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் சக வக்கீல் ஒருவர் இருக்கிறார். “சுருக்கமா சொன்னா” என்று ஆரம்பித்து ஒரு மணிநேரம் பேசுவார், அதனால் ஆபீஸில் அவர் பெயரே ‘சுருக்கமா’ என்று ஆகிவிட்டது. அவர் அதைப் புரட்டிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று வருட வேலை. ஜீப் டிரைவரின் சாட்சி, ரத்தக்கறை, போன் பதிவு. உடல் இல்லாமலேயே ஜெயிக்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மழை. ரோட்டோர விளக்குகள் ஈரத்தில் கரைந்து ஓடின. அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மதியம் அறையில் தலையைச் சாய்த்தேன். விசிறி சுற்றுகிறது, திரைச்சீலை மூச்சு விடுகிறது, தூரத்தில் யாரோ தட்டச்சு செய்கிறார்கள். பாதித் தூக்கத்தில் ஒரு கேள்வி. கர்னல் ஏன் பேசாமல் இருக்கிறார்?

தன் வாயாலேயே தன்னை மாட்டிவிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அதனால். கடத்தலைத்தான் மன்னித்தாகிவிட்டதே, இன்னும் என்ன பயம்? கொலை வழக்கு. அதை வைத்திருப்பது யார்?

நான்.

தூக்கம் போய்விட்டது. கொலை வழக்கை நான் கைவிட்டால் அவருக்குப் பயப்பட ஒன்றுமே இருக்காது. பயமில்லாதவனுக்கு மௌனம் காக்கும் உரிமையும் இல்லை. அவளைத் தேடும் மாகாண விசாரணையில் கூண்டில் ஏற்றிக் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால், சொல்கிற வரைக்கும் உள்ளே. பொய் சொன்னால் அது புதுக் குற்றம், மாகாண நீதிமன்றத்தில் செய்த குற்றம். பழைய மன்னிப்பும் உதவாது, புது மன்னிப்பும் எட்டாது.

ஐயோ, இது எனக்கு ஏன் தோணுச்சு? தோணாமலே இருந்திருக்கலாம்ல. மூணு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருந்ததுதான் அந்தாளு வாய்க்குப் பூட்டா?

ஏப்ரல் 6, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“எங்கிட்ட வர்றவங்க வலி போகணும்னுதான் வராங்க. பல்லைத் தண்டிக்கணும்னு யாரும் வர்றதில்ல.”

“கொலைகாரன் நாளைக்கு ரோட்டுல நடந்து போவான். பரவாயில்லையா?”

“பரவாயில்லன்னு நான் எங்க சொன்னேன்? வலி யாருக்குன்னுதான் கேட்டேன்.”

பல் டாக்டரிடம் சட்டம் பேசியது என் தப்பு. கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். பிறகு எழுந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நர்ஸின் அண்ணனை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கொலை வழக்கு வேண்டுமென்றால் கர்னல் உள்ளே போவார், ஆனால் வாய் திறக்க மாட்டார். தங்கை இருக்கும் இடம் வேண்டுமென்றால் அவரை விட்டுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. முடிவு என்னுடையதுதான், ஆனாலும் உங்களைக் கேட்காமல் எடுக்க மாட்டேன்.

தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எனக்கு அவன் உள்ள போகணும் மேடம். நிஜமா சொல்றேன். கனவுலகூட அவன் கழுத்துலதான் என் கை.” தொப்பியை எடுத்துக்கொண்டே, “அம்மாகிட்டக் கேக்கணும்” என்றார்.

எனக்கும் அவன் உள்ள போகணும். அதைச் சொல்ல வாயெடுத்து விழுங்கினேன்.

ஏப்ரல் 12, சனி

போன் செய்தார். “அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க. அவன் ஜெயிலுக்குப் போனா பாப்பா எங்கன்னு தெரிஞ்சிருமான்னு. நான் இல்லன்னேன். அப்புறம் எதுக்குடா ஜெயிலுன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

ஏப்ரல் 15, செவ்வாய்

கொலை வழக்கை நிரந்தரமாகக் கைவிடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுருக்கமா தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினார்: “பைத்தியமா உங்களுக்கு?”

ஜனாதிபதியும் ஒரு கையெழுத்து, நானும் ஒரு கையெழுத்து. கர்னலை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விடுவித்திருக்கிறோம்.

ஏப்ரல் 28, திங்கள்

கூண்டில் கர்னல். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பதில் சொல்ல மறுக்கும் உரிமை உண்டு என்று அவர் வக்கீல் எழுந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “எதுக்குப் பயப்படறார்? அங்க மன்னிச்சாச்சு. இங்க கைவிட்டாச்சு. உட்காருங்க.”

கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. அவர் ஒருமுறை வக்கீலைப் பார்த்தார், ஒருமுறை கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே, பொய்யைப் பிடித்துக்கொடுக்க ஜீப் டிரைவர் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும்.

“குவாரிக்கு அந்தப் பக்கம். பழைய தண்ணித் தொட்டி. அதுக்குப் பின்னாடி யூகலிப்டஸ் மரம் வரிசையா இருக்கும். கடைசி மரம்.”

யார் சொல்லி என்று அடுத்துக் கேட்டேன். அதையும் சொன்னார். ஜனாதிபதி. கோர்ட்டே எழுந்து கத்தியது. ஜனாதிபதி தன்னைத்தானே மன்னித்துக்கொள்ள முடியுமா என்று சுருக்கமா அங்கேயே ஒரு மணிநேரப் பேச்சைத் தொடங்கிவிட்டார். அது வேறு வழக்கு, வேறு யாராவது நடத்தட்டும். நான் பின்வரிசையைப் பார்த்தேன். அண்ணன் உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைசி மரம், கடைசி மரம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

மே 6, செவ்வாய்

விடிந்த நேரம். மரங்களுக்கு இடையில் பனி, காலடியில் இலைகள், மருந்துக் கடை வாசனை. கர்னல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து இடத்தைக் காட்டினார். தோண்ட ஆரம்பித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நான் போலாமா?” அவரை நிறுத்த என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. தன் காரில் ஏறிப் போனார்.

வெயில் வந்து பனி கலைந்த பிறகு ஒரு செருப்பு கிடைத்தது. அப்புறம் சீருடைத் துணி. அப்புறம் அவள். அண்ணன் குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அழவில்லை. எந்த அவசரமும் இல்லாதவர்போல எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் கையால் மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா. என்ன மேடம் சொல்லட்டும்? கெடச்சுட்டான்னு சொல்லவா, செத்துட்டான்னு சொல்லவா?”



அவர் போனைக் காதில் வைத்தார். “அம்மா, பாப்பாவக் கூட்டிட்டு வரேம்மா.” மறுமுனையில் என்ன கேட்டார்களோ. “ஆமாம்மா. டாக்டருங்க பாத்து முடிக்கணும், லேட்டாகும். நானே ஓட்டிட்டு வரேன்.”

பிணவண்டி டிரைவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வந்து சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.