என்னை அடுப்படிக்கு அனுப்பிய மிஸ்ஸிக்கு

இன்று காலை புதிய தாதி என் மனைவியின் விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபோது, அந்த மணத்தோடு நீங்களே முன்னறைக்குள் வந்தது போலிருந்தது. நீங்கள் காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. உங்கள் மீது எனக்கிருந்த எரிச்சல் மட்டும் தீரவில்லை, மிஸ்ஸி. இதை எழுதலாமா என்றும் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசியில், இந்தக் குளிர் தேசத்தில், கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் முதல் வந்த நாளிலேயே அது தொடங்கிவிட்டது. மனைவிக்கு நீரிழிவு. வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் தாதி நீங்கள். அவளிடம் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். எங்கள் வீடுகளில் அதுதானே வழக்கம்.

“மாஸ்டர், நான் உங்களைக் கேட்கேல்லை. அவவைக் கேட்டனான்,” என்றீர்கள். பிறகு சிரித்துக்கொண்டே, “எனக்கொரு பிளேன்டீ ஊத்தித் தர ஏலுமோ?”

ஊரில் ஒரு வகுப்பையே அடக்கி வைத்திருந்தவன் நான். என் வீட்டிலேயே என்னை அடுப்படிக்கு அனுப்பிக் கதவையும் சாத்தினீர்கள். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. என்னோடு அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. ஒவ்வொரு முறையும் இதே கதைதான். தேநீர் ஆறிப்போகும், கதவு திறக்காது. மன்னார்ப் பக்கத்து வேதக்காரப் பெண்ணிடம் இவளுக்கு என்ன இவ்வளவு பேச்சு என்று மனம் புழுங்கும்.

பிறகு அந்தக் கந்தசஷ்டி. வழக்கம்போலக் காலை நீரிழிவுக் குளிசையை நானே எடுத்துக் கொடுத்து, அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், அந்தக் குளிரிலும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. காய்ச்சல் என்று நினைத்துப் போர்வை தேடினேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்தீர்கள்.

“சீனி கரைச்சுக் கொண்டு வாங்கோ மாஸ்டர், கெதியா!”

மெல்ல மெல்லப் பருக்கினீர்கள். அவள் கண் தெளிந்ததும், “விரதமோ அம்மா?” என்று கேட்டீர்கள்.

“ஓம் மிஸ்ஸி.”

சாப்பாட்டை என் கண்ணில் படாமல் ஒதுக்கிவிட்டு, நான் கொடுத்த குளிசையை மட்டும் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றீர்கள்.

“அவருக்குச் சொல்லியிருக்கலாமே?”

“ஐயோ, அந்த மனிசன் விரதத்துக்கும் பள்ளிக்கூட நேரசூசி போட்டுத் தரும்.”

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு விரதத்துக்கும் முன்னால் அவள் சொன்னது உங்களிடம்தான். டொக்டரோடு பேசிக் குளிசையை மாற்றுவதும், எந்த நேரம் பாலும் பழமும் என்று முடிவு செய்வதும் நீங்கள். நான் சொன்னால் கேட்காதவள், நீங்கள் சொன்னால் தலையாட்டினாள். உங்கள் இறுதிப் பூசைக்கு வந்திருந்தபோது தேவாலயத்தில் அவள் அழுததைப் பார்த்து, நான் செத்தால் இவள் இப்படி அழுவாளோ என்றுதான் யோசித்தேன்.

போன கிழமை அவளாகவே வந்தாள். “இஞ்சாருங்கோ, நாளைக்குச் சஷ்டி தொடங்குது. மிஸ்ஸி இல்லை. அதுதான் உங்களிட்டைச் சொல்லுறன்.”

நீங்கள் இல்லாததால் கிடைத்த இடம். கிடைத்ததே போதும் என்று, “விரதத்தை நீர் என்னமாதிரிப் பிடிக்க விரும்புறீர்?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் யோசித்துச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் டொக்டருக்கு அழைத்தேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான், மிஸ்ஸி.

நான் தொலைபேசியை வைத்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“மிஸ்ஸி கேட்கிற மாதிரியே கேட்கிறியள்,” என்றாள்.

அப்போதும் உங்கள் பேச்சுத்தான்.