பழைய சரக்கு முதலில்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே இருவரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன், அடித்த கோடு மேலே உனக்கே தெரியும். பயந்துவிடாதே, அப்பா கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள்தான் படித்துக்கொண்டிருக்கிறார். போனில் சொன்னால் அவர் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை உருட்டுவார், அதனால்தான் கடிதம்.

போன மாதம் வரை எங்களுக்கு என்ன குறை சொல்லு. முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலை ஸ்டோரைக் கட்டி மேய்த்த மனுஷன், ஓய்வு பெற்றதும் வீட்டு அலமாரியையே ஸ்டோர் ஆக்கிவிட்டார். சோப்பு முதல் பற்பசை வரை வாங்கிய தேதி எழுதி ஒட்டி, பழையது முன்னால், புதியது பின்னால். ஒரு சோப்பு கேட்டால், என்ன பொருள், என்ன காரணம் என்று எழுதிய இண்டென்ட் சீட்டு எங்கே என்று கையை நீட்டுவார், நான் அந்தக் கையில் ஈரத்துணியை வைப்பேன், இரண்டு பேரும் சிரிப்போம். இந்த நாலு வருஷமும் அப்படித்தான் ஓடியது.

ஆறு வாரத்துக்கு முன்னால் டாக்டரம்மா, ரத்த அழுத்தம் ரொம்ப இறங்குகிறது என்று அவருடைய பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு வேகம் குறைந்த வேறொன்றை எழுதிக் கொடுத்தார். அப்பாவும் வாங்கிவந்து தேதி ஒட்டி வைத்தார். தினமும் காலையில் அவர் மாத்திரை போடுவதைப் பார்த்தேனே தவிர எந்த மாத்திரை என்று பார்க்கவில்லை, அது என் தப்புதான். நடுவில் ஓரிரு தடவை எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தார், கேட்டதற்குச் செருப்பு வழுக்குது என்றார். போன செவ்வாய்க்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், தொப்பென்று ஒரு சத்தம், ஓடினால் குளியலறை வாசலில் விழுந்து கிடக்கிறார். புருவத்துக்கு மேல் மூன்று தையல். மாத்திரையை எடுத்துவரச் சொன்னார் டாக்டரம்மா. கொண்டுபோய்ப் பார்த்தால் புது அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. பழைய சரக்கு இன்னும் ரெண்டு அட்டை இருக்கே டாக்டர், அது தீராம புதுசை எப்படி உடைக்கிறது என்று தையலோடு நியாயம் பேசுகிறார் உன் அப்பா. ஐயா இது சோப்பு இல்ல என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார் டாக்டரம்மா. சிறுநீரகத்துக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள், வருகிற சனிக்கிழமைதான் தெரியும். அதுவரை எனக்குச் சோறு இறங்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பதற்றத்தில் மாத்திரை எல்லாவற்றையும் என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவரோ சோப்பில் ஒட்டியிருந்த தேதிகளைக்கூட உரித்துவிட்டு, இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், இரண்டு நாள் நடக்கவும் போகவில்லை. சரி, கோபம் தணியட்டும் என்றிருந்தேன். மூன்றாம் நாள் அவர் கண்ணாடியைத் துடைத்து வைக்கலாம் என்று கூட்டைத் திறந்தால், உள்ளே பழைய மாத்திரை அரை அட்டை. பார்க்காதவள்போல் அப்படியே மூடிவைத்தேன் சின்னு. கத்தினால் இன்னொரு இடத்தில் ஒளித்துவைப்பார், இருபத்துநாலு மணி நேரமும் காவல் காக்க என்னால் ஆகுமா?

அப்போதுதான் அவர் வேலை பார்த்த காலத்தில் அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது. எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் மேலிடத்திலிருந்து கண்டம், அதாவது கழித்துக்கட்டிய சரக்கு என்று சீட்டு வந்துவிட்டால் ஸ்டோர்கீப்பர் அதைத் தொடக் கூடாது, தொட்டால் வேலை போய்விடும். காலண்டர் தாளைக் கிழித்து, பழைய அழுத்த மாத்திரை, கண்டம், உபயோகிக்கக் கூடாது என்று எழுதி டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதை அப்பாவின் செய்தித்தாள்மேல் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். முத்திரை சரியாத்தான் இருக்கு என்றார். எழுந்துபோய்க் கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒன்று, எனக்குத் தெரியாமல் மழைக்கோட்டுப் பையில் வைத்திருந்த இன்னொன்று, இரண்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார். உங்க கண்டம் கழிஞ்சதுங்க என்றேன். சிரித்துவிட்டார், தையல் இழுத்து நெற்றியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

பெட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். காலையில் மாத்திரையை அவர் எடுத்து நீட்டுவார், நான் அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு அன்றைய இண்டென்ட் சீட்டில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனாலும் குளியலறைக் குழாய்ச் சத்தம் நிற்கிறவரை நான் வாசலைவிட்டு நகருவதில்லை. சனிக்கிழமை தாண்டட்டும்.

நீ போன் செய்யும்போது மாத்திரை ஒழுங்கா போடறீங்களா என்று கேட்டுவைக்காதே. ஸ்டோர் எப்படிப்பா இருக்கு என்று கேள், மற்றதை அவரே சொல்வார். இன்னொன்று, நீ கிளம்பும்போது நான் பையில் வைத்த காய்ச்சல் மாத்திரையை இன்னும் வைத்திருப்பாய், நீ யார் பெண் என்று எனக்குத் தெரியும். தேதியைப் பார், முடிந்திருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடு. நீ நோய் நொடி அண்டாமல், நிம்மதியாக, நெடுங்காலம் இருக்க வேண்டும் கண்ணு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு. கடிதம் போட உறை கேட்டேன். இண்டென்ட் கேட்டார். பொருள்: உறை ஒன்று, காரணம்: மகளிடம் உண்மையைச் சொல்ல, என்று எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உறை பழுப்பேறி இருந்தால் அதனால்தான்.