நிதுசனின் வலது தோள்

7 ஏப்ரல் 2024, ஞாயிறு

நிதுசனுக்கு நேற்று பேஸ்போல் விளையாட்டில் நாலு தரம் மட்டை கிடைத்தது. இரண்டு தரம் அடித்து ஓடினான். ஒரு தரம் அடிக்காமல் விட்டான். ஒரு தரம் உயரத்துக்கு அடித்துப் பிடி கொடுத்தான். நாலுக்கு இரண்டு. நல்லது.

அங்கே அமெரிக்காவில் விளையாடி முடிக்கும்போது இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில், நாங்கள் நித்திரை. காலையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு டேப்லெட்டைத் திறந்தால் எல்லாம் அதில் இருக்கிறது. எங்கே அமத்த வேண்டும் என்று மகள் வேணுஜா காட்டித் தந்திருக்கிறாள். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. இலக்கம் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதானே.

மைதானத்தின் கடைசித் தொங்கலில் மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் நிற்பவன் என் பேரன். மற்ற இரண்டு பேரையும்விட ஓட்டமும் அவனுக்குத்தான் கூட, எறிவதும் அவனுக்குத்தான் தூரம்.

அமெரிக்காவின் பெரிய லீக்குக்குக் கீழே ஐந்து வகுப்பு இருக்கிறதாம். போன வருடம் அரிசோனாவில் முதலாவதை முடித்தான். இந்த வருடம் இரண்டாவது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாவதில் இவன் போய் இருக்கட்டும்.

11 ஏப்ரல், வியாழன்

தமிழ்க் கடையில் சினேகிதி பவளத்தைக் கண்டேன். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்: “என்ன பாலாக்கா, பேரன் இன்னும் தடியாலைதான் அடிக்கிறானோ? அதுக்கேன் அமெரிக்கா போனவன், வுப்பர்டாலிலை அடிக்க ஆளில்லையே?”

“உன்ரை பேரன் டார்ம்ஸ்டாட்டிலை ஆறு வருசமா ஒரே சோதினையை எழுதிறான், அவன்ரை பேனையை நான் ஏதும் கேட்டனானே?” என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். பவளமும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, கொஞ்சம் கூடிப்போனதோ என்று யோசித்தேன். பரவாயில்லை, அவளும் விட்டு வைக்கிறவள் இல்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

அடியில் நாலுக்கு ஒன்றுதான். ஆனால் தூரத்திலிருந்து ஒரே எறி. பந்து நிலத்தில் படாமல், ஓடுகிறவன் தொட்டால் புள்ளி கிடைக்கிற கடைசிப் பேஸுக்கு வந்தது, ஓடி வந்தவன் அவுட். அந்த இடத்தை ஒன்பது தரம் பார்த்தேன்.

13 மே, திங்கள்

திங்களில் அவனுக்கு விளையாட்டு இல்லை. பின்னேரம் வீடியோவில் எடுத்தான். குளித்துவிட்டு வந்து கதைத்துக்கொண்டே சட்டை போட்டான். வலது கையை முதலில் விட்டான். இடது கையால் சட்டையை மெல்ல மெல்ல அதன்மேல் இழுத்தான். பிறகுதான் தலை. பிறகுதான் மற்றக் கை.

ஆறு வருடம் ஆசுப்பத்திரியில் நிலம் துடைத்தவள் நான். நோகிற கையைத்தான் முதலில் விட வேண்டும் என்று தாதிமார் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு எத்தனை வாளி தண்ணீர் மாற்றியிருப்பேன்.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டேன்.

“என்ன எவ்வளவு நாள்?”

“தோள்.”

சட்டையின் கீழ்ப்பக்கத்தை இழுத்து விட்டான். பிறகு, “ரண்டு கிழமை” என்றான். “அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. நாளைக்கு ட்ரெய்னரிட்டைச் சொல்லுவம் எண்டு இருக்கிறன். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் அம்மம்மா?”

என்னைத்தான் கேட்டான். தாயைக் கேட்கவில்லை, தகப்பனைக் கேட்கவில்லை.

“சொல்லாதை அப்பு” என்றேன். “எண்ணெய் பூசு, சுடுதண்ணி ஒத்தடம் குடு. ஏலாது எண்டு தெரிஞ்சால் உன்ரை இடத்திலை வேறை ஆளை நிப்பாட்டிப் போடுவினம். பிறகு ஆர் உன்னைத் தேடப்போறான்?”

“ஓம் அம்மம்மா” என்றான்.

14 மே, செவ்வாய்

சரியாகத்தான் சொன்னேன். எனக்குத் தெரியாததைச் சொல்லவில்லையே.

இந்த நாட்டில் முதல் வேலை ஒரு ஹோட்டலில், அறைகள் துடைக்கிறது. கை மணிக்கட்டு வீங்கி, வாளி தூக்க முடியவில்லை. டொக்டர் சுகமில்லை என்று ஒரு கிழமைக்கு ‘கிராங்’ லீவு எழுதித் தந்தார். திரும்பிப் போனால் என் வண்டிலோடு போலந்துக்காரி ஒருத்தி நிற்கிறாள். ஷெஃப், அதுதான் முதலாளி, என்னைப் பார்க்காமலே கையை விரித்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம். முழங்கால், முதுகு, சூடு பட்ட கை, காய்ச்சல் — ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஒரு நாளும் என்னை அனுப்பவில்லை. அந்த வேலையில்தான் இந்தக் குடும்பம் நிமிர்ந்தது.

21 மே, செவ்வாய்

மூன்றுக்கு ஒன்றுமில்லை.

27 மே, திங்கள்

தோள் பரவாயில்லையாம். எண்ணெய் முடிந்துவிட்டதாம். இரண்டு போத்தல் வாங்கி, உடைந்துபோகாமல் காலுறைக்குள் சுற்றித் தபாலில் போட்டேன். வேணுஜா கேட்டால் பலகாரம் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

18 ஜூன், செவ்வாய்

மூன்றாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

வேணுஜா போனில் அழுகிறாள். மருமகன் பஸ் ஓடிக்கொண்டிருந்தவர், கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டு எடுத்தார். “மாமி, கேள்விப்பட்டனீங்களே” என்று இரண்டு தரம் கேட்டார். தொங்கு ரயிலில் பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரிக்கும் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் கையைக் குலுக்கினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவனே எடுத்தான். எல்லாரும் கதைத்து முடிந்த பிறகு என்னிடம் மட்டும், “நீங்கள் சொன்னது சரி அம்மம்மா” என்றான்.

சனிக்கிழமை ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்ய வேண்டும். பவளத்தையும் கூட்டிக்கொண்டு போவேன்.

20 ஜூலை, சனி

இன்று காலை முழு விளையாட்டையும் பார்த்தேன். அடித்ததைப் பார்க்கவில்லை, எறிவதைத்தான் பார்த்தேன். பந்து அவனிடம் நாலு தரம் வந்தது. நாலு தரமும் கிட்ட நிற்கிறவனுக்குத்தான் எறிந்தான். முன்பென்றால் அவனைத் தாண்டி எறிந்திருப்பான்.

நாலாவது எறியின் பிறகு எல்லாரும் மற்றப் பக்கம் பார்க்கிறார்கள். இவன் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படம் உடனே வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெரிய ஊரில், அவ்வளவு சனத்துக்குள்ளே, அதைக் கண்டது நான் மட்டுமோ?

22 ஜூலை, திங்கள்

சொல்லிவிடு என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். அவன் சிரித்துச் சிரித்துக் கதைத்தான். புதிய வீட்டைக் காட்டினான், கூட இருக்கிற பெடியன் கோழி கருக்கியதைக் காட்டினான். “தோள்?” என்றேன். “சுகம்” என்றான்.

நானும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்? இன்னும் ஆறு கிழமைதானே, பிறகு வீட்டுக்கு வந்துவிடுவான், அதற்குள் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவனுக்கு என்று நினைத்தேனா, கடையில் பவளத்துக்குச் சொல்ல என்று நினைத்தேனா?

4 ஆகஸ்ட், ஞாயிறு

இலக்கம் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று. அதற்குக் கீழே அவனுடைய இடத்தில் இன்னொருவன் பெயர்.

வீடியோவைத் தேடினேன். ஆறாம் சுற்று. பந்து அவனிடம் வருகிறது, ஒருவன் கடைசிப் பேஸுக்கு ஓடுகிறான். கிட்ட நின்றவனுக்குக் கொடுக்கவில்லை. ஏன் ராசா, ஏன் குடுக்கேல்லை — முழு உடம்பையும் சுழற்றி எறிந்தான். பந்து பாதி வழியில் விழுந்து உருண்டது. அவன் முழங்காலில் இருக்கிறான். நெற்றியைப் புல்லில் வைத்துக்கொண்டு இருக்கிறான். என்ரை பிள்ளை எழும்பேல்லை. ரண்டு பேர் ஓடி வருகினம், அவன் எழும்பேல்லை.

ஒரு தரம்தான் பார்த்தேன்.

12 ஆகஸ்ட், திங்கள்

ஒப்பரேஷன் முடிந்தது. வேணுஜா அங்கே போயிருக்கிறாள். தோளுக்குள்ளே கிழிந்ததைத் தைத்திருக்கிறார்களாம். நான் அவளுடைய பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

6 அக்டோபர், ஞாயிறு

நிது வந்துவிட்டான். வலது கையைத் துணியால் தூக்கிக் கட்டியிருக்கிறான். கிடைக்கும் என்று நினைக்கவில்லை, கணவாய் கிடைத்தது, பிரட்டல் வைத்துக் கொண்டுபோனேன். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடிய வேணுஜா கேட்டாள்: “டொக்டர் சொன்னவர், இது ஒரே நாளிலை கிழிஞ்சதில்லையாம். மேயிலையே நொந்தது எண்டு அவரிட்டைச் சொன்னியாமே, அப்பவே சொல்லியிருந்தால் எட்டுக் கிழமை ஓய்வோடை முடிஞ்சிருக்குமாம். ஏனடா சொல்லேல்லை?”

நான் கோப்பைகளை அடுக்கினேன்.

“சொன்னால் அனுப்பிப் போடுவினம் எண்டு நினைச்சன்.”

“அனுப்புவினமோ?”

“இல்லையம்மா. எங்கட கிளப்பிலை நோவோடை இருக்கிறவனை அனுப்ப மாட்டினம். சுகம் வருமட்டும் வச்சுப் பாப்பினம். சுகம் எண்டு எழுதின பிறகுதான் அனுப்பலாம். எனக்கு அப்ப அது தெரியாது.”

“ஆர் உனக்கு உந்தப் புத்தி சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை. நானாத்தான்.”

என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். சொல்லியிருப்பேனா? கோப்பைகளைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தேன். கழுவினவற்றையே திரும்பவும் கழுவினேன்.

25 மார்ச் 2025, செவ்வாய்

நிது போன மாதம் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனவன். முந்தாநாள் தோள் சுகம் என்று எழுதினார்கள். இன்று அனுப்பிவிட்டார்கள்.

கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் கதைத்தார்களாம். கை பழைய வேகத்துக்கு வரவில்லையாம். நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

27 மார்ச், வியாழன்

பவளம் வந்தாள். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறாள். பகிடி ஒன்றும் விடவில்லை. மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள், தானே இருந்து தோல் உரித்து வைத்துவிட்டுப் போனாள். அவள் பகிடி விட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

6 ஏப்ரல், ஞாயிறு

வேணுஜாவிடம் சொன்னேன். திரும்பி வந்த நிது அப்போது வெளியே போயிருந்தான். அவள் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் சொல்லாதை எண்டனான். அவன் சொல்லத்தான் இருந்தவன். மேயிலை, அடுத்த நாளே சொல்ல இருந்தவன். நான்தான்.”

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏச வேண்டும் என்றும் நினைத்தேன். அவள் மருமகனின் சட்டைக் கொலரை முழுதாகத் தேய்த்து முடித்தாள். பிறகு அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, “எனக்கும் இதைத்தானே அம்மா சொன்னனீங்கள்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் இடது காதைத் தொட்டாள்.

பதினேழு வயதில் சலூனில் அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, தொடங்கி இரண்டாவது மாதம் அவளுக்குக் காது குத்தத் தொடங்கியது. கிராங் எடுக்காதை, இப்ப எடுத்தால் உன்னை நிப்பாட்டிப் போடுவினம் என்று சொல்லிப் பஞ்சு வைத்து அனுப்பினேன். இரண்டு கிழமை அனுப்பினேன். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. கிருமி என்றார்கள். விதி என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். இருபத்தெட்டு வருடமாக அவளுடைய வலது பக்கத்தில் இருந்து கதைக்கிறேன். ஏன் அந்தப் பக்கம் இருக்கிறேன் என்று ஒரு நாள்கூட என்னை நான் கேட்கவில்லை.

“ஏன் பிள்ளை ஒரு நாளும் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்யிறது? நீங்களும் பயத்திலைதானே சொன்னனீங்கள்.”

அடுத்த சட்டையை எடுத்தாள்.

9 ஏப்ரல், புதன்

நிதுவிடமும் சொன்னேன். தாய்க்குச் சொல்லிவிட்டேன் என்றேன். “ஏன் சொன்னனீங்கள், நான் சமாளிச்சுட்டனே” என்றான். அவனுக்குக் கோபம் வந்தது அதற்குத்தான்.

என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். இடது கையால்.

2 மே, வெள்ளி

டேப்லெட்டைத் திறந்தேன். பழக்கத்தில் திறந்துவிட்டேன். அந்தக் குழு வென்றிருக்கிறது. நடுவில் வேறு பெடியன். நாலுக்கு மூன்று. அவனுக்கும் எங்கேயாவது ஒரு அம்மம்மா இருப்பாள். மூடிவிட்டேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நிது செப்டம்பரில் அவுஸ்பில்டுங் தொடங்குகிறான், வெப்பமூட்டிகள் பூட்டுகிற கொம்பனியில். தோள் உயரத்துக்கு மேலே பாரம் தூக்க ஏலாது என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்தானாம். எடுத்தார்கள்.

இன்று அவனுடைய விளையாட்டுக்குப் போனேன். இங்கே, எட்டு வயதில் தொடங்கின அதே கிளப். அமெரிக்காவில் பார்த்ததைப் போல இல்லை. முப்பது பேர் இருப்பார்கள், அதில் பாதி விளையாடுகிறவர்களின் பெண்சாதிமார். ஒரு கிழவர் சொசேஜ் சுடுகிறார்.

நிது நடுவில் நிற்கவில்லை. ஓரத்தில், எறிய ஆகக் குறைந்த தூரம் உள்ள இடத்தில் நின்றான்.

தொடங்க முன் யோனாஸ் வந்து “ஓமா” என்று, அம்மம்மாவுக்கு உள்ள ஜெர்மன் சொல்லால், கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தான். சின்ன வயதிலிருந்து நிதுவோடு விளையாடுகிறவன். கை பற்றி அவனிடம் மெல்லக் கேட்டேன், என்னுடைய ஜெர்மனில். இவர்களுக்குத் தெரியுமோ என்று. முதல் பயிற்சி அன்றே நிது எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டானாம்: பிடிப்பேன், ஓடுவேன், அடிப்பேன், எறிய மட்டும் என்னால் ஏலாது என்று.

ஐந்தாம் சுற்றில் பந்து அவன் பக்கம் போனது. உயரம். நிது பின்னுக்கு ஓடி, வேலியடியில் கையை நீட்டிப் பிடித்தான். அவன் பிடிப்பதை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன், ஆனாலும் எழும்பிவிட்டேன். எதிர்ப்பக்கத்தான் ஒருவன் அதற்குள் கடைசிப் பேஸுக்கு ஓடத் தொடங்கினான். யோனாஸ் தன் இடத்தை விட்டு நிதுவிடம் பாய்ந்து ஓடினான். நிது இரண்டு அடி எடுத்து வைத்து, கீழ்க்கையால் மெதுவாகப் பந்தைப் போட்டான், குழந்தைப் பிள்ளைக்குப் போடுவதைப் போல. யோனாஸ் வாங்கித் திரும்பி எறிந்தான்.

பந்து வரப் பிந்திவிட்டது. அவர்களுக்கு ஒரு புள்ளி.

யோனாஸ் நிதுவின் இடது தோளில் தட்டிவிட்டு நடந்து வந்தான். மற்றவர்கள் தங்கள் தங்கள் இடத்தில் குனிந்து, அடுத்த பந்துக்காக நின்றார்கள்.