செருப்பு போட்டுக்கொண்டு கிரிவலம் போகலாமா?

ஏப்ரல் 7, செவ்வாய்

கிரிவலக் கட்டுரையை வெட்டச் சொல்லிவிட்டார் பிரசாத் சார். செங்கம் ரோட்டில் இருக்கும் அவருடைய விடுதிக்கு மூன்று வருடமாக நான்தான் இணையதளம் எழுதுகிறேன். அதில் மனசார எழுதியது அந்த ஒரு பக்கம்தான். பதினாலு கிலோமீட்டரையும் நான்கு தடவை நடந்தேன். எங்கே நிழல், எங்கே குடிதண்ணீர், எங்கே பெண்களுக்குக் கழிப்பறை எல்லாம் பார்த்து எழுதினேன். அடி அண்ணாமலையில் பிறந்தவள் நான். கிரிவலம் போவது எங்கள் வீட்டு வழக்கமில்லை, ஆனால் போகிறவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

"இப்ப யாரும் பக்கத்த திறந்து படிக்கிறதில்ல ரூக்ஸார். ஏஐகிட்ட கேக்குறாங்க, அது பதில் சொல்லிடுது. அது எடுக்குற மாதிரி கேள்வி பதிலா போடுங்க. பதில் முதல் வரியிலயே வந்துடணும்."

மனுஷங்களுக்கு எழுதியதை மெஷினுக்கு ஊட்டிவிட வேண்டுமாம். அதுவும் மென்று கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 9

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோபம் வேறு.

ஏப்ரல் 11, சனி

முடித்துக் கொடுத்தாயிற்று. பதினான்கு கேள்வி, பதினான்கு பதில். "செருப்பு போட்டுக்கொண்டு கிரிவலம் போகலாமா?" என்பதற்கு முதலில் ஐந்து வரி எழுதியிருந்தேன். வெறுங்காலில் நடப்பது வழக்கம், ஆனால் கோடையில் ஒன்பது மணிக்கு மேல் தார் ரோடு சுடும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்போ சாக்ஸோ போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை என்று.

"வளவளன்னு இருக்கு. ரொம்ப ஜாஸ்தி. கம்மி பண்ணுங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கம்மிதானே வேணும்? இந்தா. "கூடாது. வெறுங்காலில்தான் நடக்க வேண்டும்." நான்கே சொல். வெயில் விஷயத்தைத் தனிக் கேள்வியாக்கி, பன்னிரண்டாவது இடத்துக்குத் தள்ளினேன்.

படித்துவிட்டு "சூப்பர்" என்றார். கிண்டலுக்கு எழுதியது கூட அவருக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

ஏஐ எங்கள் பக்கத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டது. சார் தன் போனை வரவேற்பறையில் எல்லோருக்கும் காட்டினார். என்னுடைய நான்கு சொல் அப்படியே இருக்கிறது, கீழே சின்ன எழுத்தில் விடுதியின் பெயர். எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

நான்கு தடவை நடந்து எழுதியதை எவனும் சீண்டவில்லை. எரிச்சலில் கிறுக்கியதற்கு மைசூர்பாகு. உண்மையைச் சொன்னால், ஓர் ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. அதற்காக என் மேலேயும் கோபம்தான்.

மே 4, திங்கள்

கத்திரி இன்றைக்கு ஆரம்பம். சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் அஜ்மல் தட்டின் முன் உட்காரவே இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், எத்தனையோ பார்த்தவர். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"வருண லிங்கத்தாண்ட ஒரு அம்மா உக்காந்துட்டாங்க. ரெண்டு காலும் தோலு உரிஞ்சிருக்கு. சுகர் வியாதியாம், சுடறதே அவங்களுக்குத் தெரியல. பொண்ணுதான் ரத்தத்த பாத்து கத்தியிருக்கு. ஆஸ்பத்திரில சேத்துட்டு வரேன்."

"இந்த வெயில்ல ஏன் நடந்தாங்க?"

"சாயங்காலம் பஸ்ஸாம். செருப்பு பையிலயே இருந்துச்சு ரூக்ஸார். ஏன் போடலன்னு கேட்டேன். ஏஐகிட்ட கேட்டோம், கூடாதுன்னு சொல்லிச்சுன்னு பொண்ணு போனக் காட்டுச்சு." தட்டை ஓரமாகத் தள்ளினார். "அடியில உங்க விடுதி பேரு."

செருப்பு பையில் இருந்திருக்கிறது. கையில் இருந்திருக்கிறது. நான் எழுதியதால் போடவில்லை.

மே 5

சாரிடம் சொன்னேன். "பன்னெண்டாவது கேள்வில தெளிவா போட்டிருக்கமே. அவங்க படிக்கலன்னா நாம என்ன பண்றது?" என்கிறார்.

"அவங்க எதுக்கு சார் படிப்பாங்க? படிக்கவே வேணாம்னுதான இதெல்லாம் பண்ணோம்?" என்று கத்திவிட்டேன். போனை வைத்துவிட்டார்.

அவர் மேல் கோபப்படுவது சுலபம். அவர் சொன்னது கம்மி பண்ணு என்று மட்டும்தான். ஐந்து வரியை இரண்டாக்கி, வெயிலை அதற்குள்ளேயே வைத்திருக்கலாம். எனக்குத் தெரியாதா? வீம்புக்கு வெட்டியது யார்? நான். என் வீம்புக்கு யாரோ ஒரு அம்மாவின் கால்.

மே 7, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆதிலட்சுமி, திண்டிவனத்துக்காரர். அறுபது வயதிருக்கும். இரண்டு காலிலும் கட்டு.

"சாமி விஷயத்துல தப்பா போடுவாங்களான்னு நெனச்சேம்மா" என்றார்.

அதை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சினேகா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எங்கம்மா செருப்ப எடுத்து மாட்டப் போனாங்க. நான்தான் போனக் காட்டி வேணாம்னேன். இப்ப நான் யாரு மேல கோவப்படறது, சொல்லுங்க" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

மே 8

காலை முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தோடு உட்கார்ந்தேன். "சர்க்கரை நோய் உள்ளவர்களும் கோடைப் பகலில் நடப்பவர்களும் செருப்போ சாக்ஸோ போட்டுத்தான் நடக்க வேண்டும், மற்றவர்கள் வெறுங்காலில் நடப்பது வழக்கம்." எங்கே வெட்டி எடுத்தாலும் முதல் பாதி மிஞ்ச வேண்டும். பின்பாதியைத் தொலைத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

"பளிச்சுனு கூடாதுன்னு இருந்ததாலதான் எடுத்துச்சு. இத எடுக்காது. பக்தருங்க வேற கோச்சுக்குவாங்க" என்றார் சார்.

"எடுக்கலன்னா பரவால்ல சார். போட்டுட்டேன். மாத்தணும்னா என்னையும் சேத்து மாத்திடுங்க."

மாற்றவில்லை.

மே 11

போனில் ஏஐயிடம் கேட்டேன். கூடாது என்கிறது.

மே 13

கூடாது.

மே 15, வெள்ளி

இன்னும் கூடாதுதான். பக்கத்தில் மாற்றி ஒரு வாரம் ஆகிறது, இது மட்டும் பழைய நான்கு சொல்லை விட மாட்டேன் என்கிறது. தவறான பதில் என்று எத்தனை தடவை அழுத்துவது? ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்கிறது. உன் நன்றி யாருக்கு வேணும். முப்பத்தொன்றாம் தேதி பௌர்ணமி. எத்தனை ஆயிரம் பேர் இதையே கேட்கப் போகிறார்களோ.

மே 18

சினேகாவிடமிருந்து செய்தி. அம்மாவின் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்களாம். வேறு ஒன்றும் எழுதவில்லை. நான் என்னென்னவோ தட்டினேன், எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் வருகிறேன் என்று மட்டும் அனுப்பினேன்.

மே 23, சனி

பதில் மாறிவிட்டது.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் என்றுதான் ஆரம்பிக்கிறது. என் வாக்கியமேதான். நான்கு பேருடைய போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன், நான்கிலும் அதுதான். ஆனால் அடியில் எங்கள் விடுதியின் பெயர் இல்லை. ஏதோ ஒரு சுற்றுலாத் தளத்தின் பெயர். என் வாக்கியத்தை ஒரு எழுத்து மாற்றாமல் காப்பியடித்துப் போட்டிருக்கிறான்.

சார் கொதித்துப் போனார். "நம்ம வரிய திருடிட்டான். உடனே எடுக்கச் சொல்லி மெயில் போடுங்க. எடுக்கலன்னா கேஸ் போடுவோம்னு எழுதுங்க."

போன மாதமாக இருந்திருந்தால் நானே ஊரைக் கூட்டியிருப்பேன். இன்றைக்கு மெயிலைத் திறந்து அவன் முகவரியைக்கூடத் தட்டினேன். அவன் எடுத்துவிட்டால் ஏஐ திரும்பவும் எதைச் சொல்லும், கூடாது என்றா?

அனுப்பிவிட்டேன் என்று சாரிடம் சொன்னேன். அனுப்பவில்லை.