கடைசிக் கொக்கியில் சிவப்பு நூல்

2024 நவம்பர் 18, திங்கள்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கடையைப் பத்து மணிக்குத்தான் திறந்தேன். மூன்று ரவிக்கை வெட்டி, ஒன்றுக்குக் கை வைத்துத் தைத்தேன். கல்யாணப் பெண் ஒருத்தி வந்து முதுகில் ஜன்னல் வைக்கவேண்டும் என்று போனில் படம் காட்டினாள். வைத்துவிடலாம். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள்தான். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாற்பது வருஷமாக என் கையால் தைத்த ரவிக்கை, பிடிக்கிறது தொங்குகிறது என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பேத்தி இளவரசிக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்கிறாளே, இது சனி ஞாயிறு மட்டும். கடற்கரைப் பக்கம் இரண்டே அறையில் சுனாமி நினைவாக மியூசியம் வைக்கிறார்களாம். இருபதாம் வருஷத்துக்கு, டிசம்பர் 26 அன்று திறப்பு. ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் வைக்கிற அட்டையை எழுதுவது இவள் வேலை.

கொக்கி வைத்துத் தர வரும் ஜோதி மேரியிடம், "எம் பேத்தி எழுதுனததான் ஊரே நின்னு படிக்கப் போவுது" என்றேன்.

"ஆமாக்கா, நீ அளவு நோட்டுல எழுதுறத உன்னாலயே படிக்க முடியல" என்றாள்.

சிரித்தேன். ஆனால் நான் அங்கே போகமாட்டேன். என் மகள், இளவரசியின் அம்மா பவானி சுனாமியில் போனதிலிருந்து கடல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவளைப் புதைத்த இடத்துக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை. பவானி என்று பேரும் நாற்பத்தொன்று என்று நம்பரும் போட்ட கல்.

நவம்பர் 24, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் வாயில் வந்துவிடும்.

இளவரசி மியூசியத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். அந்த நாளில் பெயர் தெரியாமல் புதைத்தவர்களின் துணி, வளையல் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். புதைக்கிற வேலை பார்த்த ஒருவர், யாராவது தேடி வருவார்கள் என்று புதைகுழி நம்பரையே போட்டு எடுத்து வைத்து, இத்தனை வருஷம் கட்டிலுக்கு அடியில் காப்பாற்றியிருக்கிறார்.

"ஆயா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். அறுபத்திமூணாம் நம்பர் பொட்டலத்துல ஒரு பச்ச ஜாக்கெட்டு. முன்பக்கத் துண்டு மட்டும். நாலு கொக்கி பச்ச நூல்ல தெச்சிருக்கு. கடைசிக் கொக்கி மட்டும் செவப்பு நூலு. அது எதனா மாடலா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கை கழுவினேன்.

"நூலு தீந்து போயிருக்கும்" என்றேன்.

"அட்டைல இன்னான்னு எழுத?"

"பச்சை ரவிக்கைன்னு எழுது, போதும்."

சின்ன வயதில் பவானிக்குக் கொக்கி மாற்றிப் போடுகிற பழக்கம். எந்த அவசரத்திலும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். 'கீழிருந்து ஆரம்பி, சிவப்பைப் பார்த்துப் போடு' என்று அவள் ரவிக்கைக்கு மட்டும் கடைசிக் கொக்கியைச் சிவப்பு நூலில் வைப்பேன். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் அப்படியே. வேறு எவளுக்கும் வைத்ததில்லை. ஒருத்திக்கும் இல்லை.

அப்படியென்றால் நாற்பத்தொன்றில் இருப்பது யார்?

நவம்பர் 25

சிவப்பு நூல் கண்டை மெஷின் டிராயரிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

புயலுக்குப் பிறகு பெண்ணையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. கடைக்குள் முழங்கால் அளவு. மெஷினை மேஜைமேல் ஏற்றிவிட்டு, துணியை எல்லாம் பரணில் போட்டேன். இரண்டு நாள் கரண்ட் இல்லை.

நான் தண்ணீருக்குப் பயப்படுவதாக நினைத்து இளவரசி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் ஆவாது ஆயா, நான் இருக்கேன்ல" என்றாள். இரண்டு வயதில் இவளை என் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் இவள் அம்மா போனாள். அப்பன் மறு வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். வருஷா வருஷம் அந்தக் கல்லுக்கு முன்னால் இவளை நிறுத்தி, 'அம்மாவைக் கும்பிடு' என்று சொன்னவள் நான். பரீட்சைக்குப் போகும் முன் அந்தக் கல்லிடம் போய் ஹால் டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போவாள். தெரிந்தால் இந்தக் கையை விட்டுவிடுவாள்.

எனக்கு அந்தப் பயம்தான். தண்ணீர் வடிந்துவிடும்.

டிசம்பர் 9, திங்கள்

ஜோதி மேரி வந்து பரணிலிருந்து துணி இறக்கிக் கொடுத்தாள். அவளிடம் மட்டும் கேட்டேன். அன்றைக்கு என்னோடு வந்தவள் அவள்தான்.

"மேரி, அன்னிக்கு நான் படத்தப் பாத்தனா?"

அவள் கையில் இருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பாக்கலக்கா."

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னனே. நல்லாப் பாருக்கான்னு ரெண்டு வாட்டி சொன்னேன். பெத்தவளுக்குத் தெரியாதாடின்னு அத்தினி பேர் எதிர்ல என் வாய அடச்ச. அதுக்கு மேல நான் இன்னா பேசுறது?"

உண்மை. மூன்றாம் நாள். புதைப்பதற்கு முன் எடுத்த படங்களைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் தரையில் விழுந்து அழுதார்கள். ஆபீசர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் விழுந்து புரளக்கூடாது என்று இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விரல் சந்தில் பார்த்தேன். பச்சையாக ஒன்று தெரிந்தது. விரலை வைத்தேன். ஆபீசர் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கிழித்து எடுத்து, நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தார். நேராக நடந்து வெளியே வந்தேன். கெட்டிக்காரி என்று யாரோ சொன்னார்கள். அது எனக்குக் கேட்டது. பிடித்தும் இருந்தது.

டிசம்பர் 18, புதன். மார்கழி 3

இளவரசி சிதம்பரத்தில். நான் பஸ் ஏறி மியூசியத்துக்குப் போனேன். பையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி.

ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு நூல் இல்லாவிட்டால் அது வெறும் பச்சைத் துணி. என்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இருபது வருஷம் கழித்துக் கடல் சத்தம் கேட்டேன். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொறுப்பாக இருக்கும் பிரிசில்லா என்ற பெண் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே ஒரு சுவர்க் கடிகாரம், மண் அடைத்த தையல் மெஷின், ஒற்றைச் செருப்புகள், ஒரு குழந்தையின் ஸ்லேட்டு. கடைசியில் கண்ணாடிப் பெட்டி.

பார்த்ததும் தெரிந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா.

"நான் டைலர்மா. அந்தத் துணி ஓரம் பிரியுது பாரு. குடு, ரெண்டு தையல் போட்டுத் தரேன்" என்றேன். அவள் நம்பிப் பெட்டியைத் திறந்தாள். "மெதுவா ஆயா, ரொம்ப நைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டதும் போய்விட்டாள்.

கத்தரியை நூலுக்குக் கீழே நுழைத்தேன். கொக்கி துருப்பிடித்து உதிர்ந்துபோய்ப் பாதிதான் இருந்தது. நூல் மட்டும் கெட்டியாக இருந்தது. நாலு சுற்று சுற்றி, பின்பக்கம் இரண்டு முடிச்சு. பவானி போட்டுக்கொண்டு நிற்கும்போதே முடிச்சுக்கு மேல் மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுப்பேன். அவள் தோளைக் குலுக்கி, 'கூசுதும்மா' என்பாள்.

வெட்ட என்னால் முடியவில்லை.

பிரிசில்லா திரும்பி வந்து, "தெரிஞ்சவங்க துணியா ஆயா?" என்றாள்.

"இல்ல" என்றேன். இன்னொரு தடவை பவானியை இல்லை என்றுவிட்டேன்.

டிசம்பர் 19

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. காய்ச்சல் இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்ல வரவில்லை. பவானியின் பழைய ரவிக்கை ஒன்றைப் பீரோவில் வைத்திருந்தேன். ஊதாக் கலர். அதை எடுத்து, மியூசியத்திலிருந்து வந்தவள் மடியில் வைத்தேன். கடைசிக் கொக்கியைத் திருப்பிக் காட்டினேன். படித்த பெண், சட்டென்று புரிந்துவிட்டது.

"நீ படத்தப் பாத்துதான காட்டுன?"

நான் அந்த ரவிக்கையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன்.

"ஆயா, உன்னதான் கேக்குறேன். பாத்தியா இல்லியா?"

"இல்ல."

"அம்மா எதுக்குக் கடலாண்ட போச்சு?"

அதுவும் கேட்டாள். நான் அனுப்பித்தான். திருவாதிரைத் திருவிழாவுக்குக் காலை பஸ்ஸில் சிதம்பரம் போகிற அவசரத்தில், கடற்கரைக் குப்பத்துக்காரி ஒருத்தியின் ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வா, சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் என் பேர் கெட்டுவிடும் என்று அனுப்பினேன். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சாமி கும்பிடப் போனேன். அவள் என் பேரைக் காப்பாற்றப் போனாள்.

இளவரசி அழவில்லை. அந்த ஊதா ரவிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நான் சிதம்பரம் போறேன். ஃப்ரெண்டு அருள்மொழி ரூம்ல இருப்பேன். போன் பண்ணாத" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பாமல், "அந்தக் கல்லுகிட்ட நான் எவ்ளோ பேசிருக்கேன் தெரியுமா ஆயா" என்றாள்.

போய்விட்டாள்.

டிசம்பர் 24

ஜோதி மேரி வீட்டிலிருந்து கேக் வந்தது. அப்படியே இருக்கிறது. போன் அடித்தால் இளவரசியோ என்று ஓடுகிறேன். அடிக்காவிட்டாலும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

டிசம்பர் 26, வியாழன்

யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். திறப்புக் கூட்டம் முடிகிற வரை ஓரமாக நின்றேன். இளவரசி என்னைப் பார்த்தாள், பக்கத்தில் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கண்ணாடிப் பெட்டி அருகே போனேன். அட்டை மாறியிருந்தது. அவள் எழுத்து.

'பவானி. வயது 24. மஞ்சக்குப்பம். இந்த ரவிக்கையைத் தைத்தவர் அவருடைய அம்மா.'

எழுத்துக் கூட்டி நாலு தடவை படித்தேன். அதற்குக் கீழே தனியாக இன்னொரு புது அட்டை. 'எண் 41. பெயர் தெரியவில்லை.' பக்கத்தில் ஒரு பொருளும் இல்லை. சொந்தக்காரி வந்தாயிற்று என்று நாற்பத்தொன்றாம் நம்பர் பொட்டலத்தை அன்றைக்கே எரித்திருப்பார்கள்.

இளவரசி எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். "கல்லுல பேர் மாத்தணும். நீதான் கையெழுத்து போடணும்" என்றாள். ஆயா என்று கூப்பிடவில்லை.

போட்டேன். தில்லையம்மாள் என்று முழுசாக.

2025 ஜனவரி 13, திங்கள்

போகியும் திருவாதிரையும் ஒரே நாளில். காலையில் இளவரசியிடமிருந்து போன். "சிதம்பரம் வர்றியா?" அவ்வளவுதான். புடவை மாற்றாமல்கூட ஓடினேன்.

கூட்டத்தில் நசுங்கி நின்று கும்பிட்டோம். சந்நிதி வீதியில் உட்கார்ந்து களி சாப்பிடும்போது கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு யாரு ஆயா? அவுங்கள யாராச்சும் தேடிருப்பாங்கல்ல?"

ஆயா என்றாள். அதற்கு நான் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. கேள்வி அப்படி.

ஜனவரி 18, சனி

மியூசியத்தில் அந்தப் படங்களைச் சுவரில் மாட்டவில்லை. ஆல்பமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள், கேட்டால் மட்டும் காட்டுவார்கள். பிரிசில்லா எடுத்துக் கொடுத்தாள். இளவரசி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூடிக்கொள்ளக்கூடாது என்றா, அவளுக்கே பயமா, தெரியவில்லை.

அறுபத்துமூன்றை முதலில் பார்த்தோம். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பிறகு நாற்பத்தொன்று. முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பக்கமும் மூக்குத்தி. நெற்றியில் பழைய தழும்பு. பச்சை ரவிக்கை, கை நீளம், கடையில் வாங்கிய மாதிரி. என் பவானி போல ஒரு இம்மிகூட இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். ஒரே பார்வை.

மூக்குத்தி, தழும்பு, வயது எல்லாம் எழுதி இளவரசி போனில் நாலா ஊருக்கும் அனுப்பினாள். கீழே என் கடை நம்பரைப் போடச் சொன்னேன். அவள் நம்பர் வேண்டாம். கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெண்ணாடத்திலிருந்து ஜெயராணி என்று ஒரு அம்மா. அவர் அக்கா, கடலூரில் ஒரு விசேஷத்துக்கு வந்தவர், அன்றைக்குக் காலையில் கடல் பார்க்கப் போனாராம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. சின்ன வயதில் கரும்புத் தோகை கிழித்த தழும்பு.

"நாங்களும் வந்து சொவுரு முழுக்கத் தேடுனோம்மா. அஞ்சாம் நாளு. எங்கக்கா படமே இல்ல. எங்கியோ உசுரோட இருக்குதுன்னு எங்கம்மா இன்னும் கதவத் தாழ் போடாது" என்றார்.

படம் ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியாது. நான் மூன்றாம் நாளே கிழிக்க வைத்துவிட்டேன்.

நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார். எண்பத்தெட்டு வயதாம். "நானும் கூட வந்து நிக்கட்டுமா ஆயா?" என்று இளவரசி கேட்டாள். "பக்கத்துல நில்லு, பேசாத, நான்தான் சொல்லணும்" என்றேன். அவர்கள் என்னை அடிக்கலாம். மண்ணை வாரித் தூற்றலாம். அந்த நாற்பத்தொன்றாம் கல்லைக் கழுவிப் பூ வைத்துவிட்டு வந்தேன். பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது.

என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போகவேண்டும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.