பெர்த்தில் நீ தட்டிய பஸ்

இன்று ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். 'போகலாம்' என்பதற்கு நாம் தட்டுவோமே, அதேபோல வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். பஸ் போய்விட்டது. தகரத்தின் சூடு உள்ளங்கையில் நின்றது, உன் ஞாபகம் வந்துவிட்டது மச்சி. எனக்கும் விசா வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் நீ இருந்த அதே பெர்த், அதே ஒர்க்‌ஷாப். சொல்ல வெட்கமில்லை, பயமாக இருக்கிறது.

வடக்குப்பட்டு ரூமில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாம். நீ முந்திக்கொண்டு ஆஸ்திரேலியா போனாய். "ஊரு எப்பிடிடா கீது?" என்று போனில் கேட்பேன்.

"ஒரு பக்கம் கடலு, பின்னாடி பாலைவனம். அடுத்த பெரிய ஊருக்குப் பிளேன்ல போறதுக்கே அரை ஷிப்ட் ஆயிடும்."

பாலைவனத்துக்குள்ளே தங்கம் கிடைத்ததும் கொழுத்த ஊராம், பிறகு இரும்புத்தாது. இங்கே வயல்மேல் கம்பெனி வந்தது, அங்கே மணல்மேல் வீடு வந்து கடலோரமாகவே நீண்டுகொண்டு போகிறது என்றாய். "இவ்ளோ பெரிய ஊர்ல சாயங்காலம் கடைய சாத்திட்டா ஈ காக்கா இல்ல மச்சி. பயமா கீது." நான் சிரித்துத் தொலைத்தேன்.

போன புதிதில் நீ அங்கேயும் பழக்கதோஷத்தில் பஸ்ஸைத் தட்டிவிட்டாய். யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று டிரைவர் பதறி நிறுத்தி, சக்கரத்தடியில் குனிந்து பார்த்தாராம். பிறகு உன் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாராம். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று நீ விளக்கியதிலிருந்து, நீ இறங்கும்போதெல்லாம் அவரே ஸ்டியரிங்கில் இரண்டு தட்டுத் தட்டுவாராம். அதை வீடியோ காலில் நடித்துக் காட்டினாய்.

அப்புறம் தூக்கத்திலேயே உன் மூச்சு நின்றுபோனது. தனி ரூம், பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. எனக்கும் அப்படி ஆனால் எவனுக்குத் தெரியும்? இதை நினைத்தாலே சோறு இறங்குவதில்லை. என் மனைவிக்குக் கோபம். "பயமா இருந்தா போவாத. போறேன்னு சொல்லிகினு மூஞ்ச இப்பிடி வச்சிக்காத."

நேற்று வேலை விஷயமாக அந்த ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசரிடம் பேசினேன். உன்னைக் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டுவிட்டேன். காலையில் ஸ்டாப்பில் உன்னைக் காணவில்லை என்று அந்த பஸ் டிரைவர்தான் ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்தாராம். உன் சட்டையிலிருந்த ஒர்க்‌ஷாப் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறார்.

பயம் போய்விடவில்லை மச்சி. ஆனாலும் அடுத்த வாரம் கிளம்புகிறேன். போன முதல் நாளே அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு தட்டுத் தட்டப்போகிறேன். நிறுத்தட்டும். இறங்கி வந்து என் முகத்தையும் ஒருதடவை பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.