சிவப்புக் காரின் இடப்பக்க சீட்

2025 மே 3, சனி

உமாசுதன் இன்று சிவப்புக் காரின் பிளக்குகளுக்குப் பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரைக் கழற்றித் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். என் கணவருக்கு அந்த நாற்பது வயதுக் காரில் என்னைவிட ஆசை. வெள்ளவத்தையில் அது தெரியாத ஆளில்லை. மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது. அவர் பொனட்டுக்குள் குனிந்து டிஸ்ரிபியூட்டரைக் கையால் மெல்லத் திருப்புவார். நான் உள்ளே இருந்து ஸ்டார்ட் பண்ணும் திறப்பைத் திருப்புவேன். "இப்ப அடி, சுரேகா!" பன்னிரண்டு வருடமாக அந்தக் கத்தலுக்கு நான்தான் ஆள்.

இனி அதை ஒரு சின்னப் பெட்டி செய்யுமாம். பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று லப்டொப்பில் சொல்லிக்கொடுத்தால் போதுமாம். சொல்லிக்கொடுக்கப் போவது இரத்மலானையிலிருந்து வரும் துஷாந்தினி என்றொருத்தி.

மே 4, ஞாயிறு

வந்தாள். முப்பது வயதிருக்கும். எஞ்சினில் பல்லுச் சக்கரம் ஒன்றைப் பூட்டினாள், பக்கத்தில் சென்சர், பிறகு புதுக் கொயில்கள். ஒரே அடியில் ஸ்டார்ட். இவர் சிரித்த சிரிப்பு — எங்கள் கலியாண அல்பத்தில்கூட அப்படி ஒன்று இல்லை.

தேநீர் கொடுத்தேன். சீனி போடவில்லை. வேண்டுமென்றுதான்.

"நான் சீனி போடுறேல்லை எண்டு எப்பிடி அக்கா கண்டுபிடிச்சீங்கள்?" என்று ரசித்துக் குடித்தாள். சனியன்.

மே 11, ஞாயிறு

ரோட்டில் ஓடிப் பார்த்துத்தான் திருத்த வேண்டுமாம். ஒருவர் ஸ்டியரிங் பிடித்து ஓட, மற்றவர் பக்கத்தில் லப்டொப்போடு. காரில் இருப்பதே இரண்டு சீட். என் சீட்டில் அவள்! விடியப் போனவர்கள், இடியப்பம் காய்ந்த பிறகுதான் வந்தார்கள்.

"என்ன இவ்வளவு நேரம்?"

"எஞ்சின் தட்டுது சுரேகா. அவ பொறி விழுற நேரத்தை ஒவ்வொரு டிகிரியா குறைச்சுப் பார்க்கிறா."

அவ. அவ! எனக்குப் பத்திக்கொண்டு வருது. ஓம், பொறாமைதான். இதில எழுதாம வேற எங்க எழுதிறது?

மே 12, திங்கள்

என் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாள். அவளுக்குக் கால் நீளம்.

மே 18, ஞாயிறு

பாதியிலேயே திரும்பி வந்தார்கள். துஷாந்தினியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அண்ணாவின்ர கால் ஒரு இடத்தில நிக்குதில்லை. ஒரே வேகத்தில பிடியுங்கோ எண்டா மிதிச்சுத் தள்ளுறார். அக்கா, நீங்கள் ஓடுவீங்களோ?"

இவர் வாய் திறக்க முன் "ஓம்" என்றேன். ஒஃபிசுக்குச் சின்னக் காரில் நான்தான் ஓடிப் போகிறேன். சிவப்புக் காரில் திறப்பைத் திருப்பியதோடு சரி, இவர் என்னை ஓட விட்டதே இல்லை. எனக்கென்ன, இரண்டு பேரும் ஒன்றாகப் போகாவிட்டால் போதும்.

மரைன் டிரைவால் கொள்ளுப்பிட்டி வரை போனோம். "அப்பிடியே பிடியுங்கோ அக்கா... பிடியுங்கோ..." அவள் விரல் லப்டொப்பில் தட்டத் தட்ட, எஞ்சினின் தட்டல் குறைந்து நின்றேவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

மே 25, ஞாயிறு

இன்றும் நாங்கள்தான் போனோம். கடல் பக்கம் நிறுத்தி மீன் ரோல்ஸ் சாப்பிட்டோம். தாய் கொண்டுவரும் மாப்பிள்ளைகளைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புரையேறியது.

வீட்டு வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு பேரும் அப்பிடி என்னத்தைக் கதைச்சனீங்கள்?"

"டிகிரி" என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

வேலை முடிந்ததாம். கொட்டும் மழையிலும் ஒரே அடியில் ஸ்டார்ட். லப்டொப்பை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் துஷாந்தினியின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் யாரோ ஒருத்தியின் பச்சைக் கார். இடப்பக்கத்தில் இவள், மடியில் லப்டொப். ஓடுகிறவளைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. யார் அவள்? என்னைவிட நல்லா ஓடுவாளோ?

"வா, நீயே ஓடு. கோல்ஃபேஸ் போவம்" என்று இவர் திறப்பை நீட்டினார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"நீங்கள் ஸ்டார்ட் பண்ணுங்கோ, வாறன்" என்று அனுப்பிவிட்டு, குசினிக்குள் போய்த் துஷாந்தினிக்கு ஃபோனில் கோல் எடுத்தேன்.

"தங்கச்சி, கார் திரும்பவும் தட்டுது. வாற ஞாயிறு ஒருக்கா வந்து பார்க்கிறீரோ?"

வாசலில் கார் ஸ்டார்ட்டில் நின்றது. ஒரு தட்டல்கூட இல்லை.